பீரங்கி சிரித்த மதியம்

அந்தப் பீரங்கி நிஜமாகவே சிரித்ததா?

பஸ்ஸை விட்டு இறங்கிய ஒருவர் என்னிடம் இப்படித்தான் கேட்டார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல், மலையடிவாரத்தில் மாமாவின் கடையில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. இதே ஊரில் பிறந்து வளர்ந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியலைங்க என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

இப்போது தெரியும். சம்பந்தப்பட்டவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். சொல்லப்போனால் இது பீரங்கியின் கதையே இல்லை. அதற்குக் காவல் இருக்கிற ஒரு பெண்மணியின் கதை.

ஊரில் அவருக்குப் பீரங்கியக்கா என்றே பேர். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மலை உச்சியில் இருப்பது ஒரு பழைய கோட்டை. சுவரில் பாதி இடிந்து கிடக்கிறது; மீதிப் பாதியில் வந்தவர் போனவரெல்லாம் தங்கள் பேரைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். கடைசி மூலையில், நான்கு தூண்கள் மேல் போட்ட தகரக் கூரைக்குக் கீழே, அந்தப் பீரங்கி படுத்திருக்கிறது. ஒரு பஸ்ஸின் நீளம் இருக்கும். வாய்க்குள் சின்னப் பிள்ளை ஒன்று தவழ்ந்து போகலாம். பின்பக்கம், முதுகின் மேல் ஒரு சிறு துளை உண்டு. அந்தக் காலத்தில் அதில்தான் தீ வைப்பார்களாம். வேலையாட்கள் அந்தத் துளையைக் காது என்பார்கள். வாய் முன்னால், காது பின்னால் மேலே. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையைச் செப்பனிட்ட காலத்தில் அக்கா அங்கே மண் சுமக்க வந்தவர். அந்தத் தூண்களுக்கான ஜல்லியும் தண்ணீரும் அவர் தலையில்தான் மேலே போயின. வேலை முடிந்து எல்லாரும் இறங்கும்போது சூப்பர்வைசர் அவரை மட்டும் நிறுத்தி, ஆள் போடுகிற வரைக்கும் நாலு நாள் இதைப் பார்த்துக்கொள் என்றாராம். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. அப்படிச் சொன்ன சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுப் போனார். அவருக்குப் பின் வந்தவரும் போனார். அந்தச் சம்பளத்தில் வளர்ந்த மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். அக்கா மட்டும் அதே பெஞ்சில் இருந்தார். முழங்கால்தான் பழைய முழங்காலாக இல்லை.

வேலை என்ன என்று கேட்டால் சொல்வது சுலபம். பீரங்கி மேல் யாரும் ஏறக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் பீரங்கியைப் பார்த்த மாத்திரத்தில் மனிதனுக்கு அதன் மேல் குதிரை ஏறுவது போல ஏறி உட்காரத் தோன்றுகிறது. கோட்டு போட்டவருக்கும் தோன்றுகிறது, கைக்குழந்தையோடு வந்தவருக்கும் தோன்றுகிறது. அக்கா பெஞ்சில் கையூன்றி எழுந்து, "இறங்குங்க" என்பார். இறங்குவார்கள். உட்காரப் போகும்போது அந்தப் பக்கம் இன்னொருவர் காலைத் தூக்கிப் போடுவார். மறுபடி கையூன்ற வேண்டும். பொழுது சாய்கிற வரைக்கும் இதுதான். தூக்கத்தில்கூட "இறங்குங்க, இறங்குங்க" என்று முனகுவதாக அவர் கணவருக்குப் புகார் உண்டு. அந்த மனிதர் அக்கா தூங்கி எப்போது பார்த்தார் என்பது வேறு கேள்வி.

ஏனென்றால் அவருக்கும் காவல் வேலைதான். ஐஸ் கம்பெனியில் இரவுக் காவல். காலையில் அக்கா கிளம்பும்போது அவர் வந்து சேருவார். மாலையில் அக்கா திரும்பும்போது அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். சாவி கை மாறும். கூடவே ரெண்டு வார்த்தை, தண்ணீர் வரவில்லை, மகள் பேசினாள் என்பது போல. ஊரார் சொத்துக்கெல்லாம் நாம் காவல், நம் வீட்டுக்குப் பூட்டுதான் காவல் என்று சொல்லி அவர் சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டார். நின்று சிரிக்கிற அளவுக்குக் காலில் தெம்பு மிச்சமிருக்காது.

மேலே பேச்சுத் துணைக்கு ஒருவர் இருந்தார், போட்டோக்காரர். கழுத்தில் கேமராவோடு, பீரங்கி முன்னால் நிற்பவர்களைப் படம் எடுத்துக் கொடுத்துப் பிழைத்தவர். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு, உங்க போன்லயே எடுத்துத் தர்றேன் சார் என்று கெஞ்சுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். தலை முழுக்க நரை. ஆனாலும் அக்காவுக்கு அவர் தம்பிதான்.

மகள் வாங்கிக் கொடுத்த செல்போனில் அக்காவுக்கு மணியோசை வைத்துக் கொடுத்ததும் அவரே. ஒரு குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். "சிரிக்காத ஆளுக்குச் சிரிக்கிற போனாவது இருக்கட்டும்க்கா" என்றார். மாற்றிக் கொடு என்று அக்கா எத்தனையோ முறை கேட்டாயிற்று. அவர் மாற்றவில்லை, அக்காவுக்கு மாற்றத் தெரியவில்லை. அந்தப் போனில் தினமும் கூப்பிடுகிறவர் ஒருவர்தான். மதியம் தூங்கி எழுந்ததும் கணவர் கூப்பிடுவார். நலம் விசாரிக்க இல்லை. தீப்பெட்டி எங்கே, நகவெட்டி எங்கே, நீலச் சட்டை எங்கே. எடுக்காவிட்டால் எடுக்கிற வரைக்கும் விட மாட்டார். எத்தனை முறை அடித்தாலும் அவர் விரலுக்குச் சலிப்பே வராது.

இனி அலமாரி விஷயத்துக்கு வருகிறேன்.

மலை மேல் காவலருக்கென்று முன்பு ஓர் அறை இருந்தது. ஒரு மழையில் அதன் கூரை உட்கார்ந்துவிட்டது. எழுதிப் போட்டார்கள், வந்து பார்த்தார்கள், படம் பிடித்துக்கொண்டு போனார்கள். கூரை எழுந்திருக்கவில்லை. கையில் கொண்டுவந்த பொருளை வைக்க அக்காவுக்கு இடமில்லை. பெஞ்சில் வைத்தால் குரங்கு தூக்கும். தூணில் மாட்டினாலும் தூக்கும். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மதில் மேல் போய் உட்கார்ந்த குரங்கு, அக்காவின் கண்ணெதிரிலேயே மூடியைத் திருகித் திறந்து, நிதானமாகச் சாப்பிட்டு, காலி டப்பாவைப் பள்ளத்தில் வீசியது. அன்று பசியோடு பொழுதைத் தள்ளியவருக்கு மறுநாள் காலை பீரங்கியின் வாய் வேறு மாதிரித் தெரிந்தது. இருட்டாக, குளிர்ச்சியாக, எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது போல ஆழமாக.

முதலில் குடை போனது. பிறகு சாப்பாடு, மாத்திரை, முழங்கால் பட்டை, மழைக்காலத்துக்கு ஒரு மாற்றுத்துணி. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, முனையில் கொக்கி வளைத்த நீளக் கம்பால் உள்ளே தள்ளிவிடுவார். வேண்டும்போது அதே கொக்கியால் இழுப்பார். அந்த இருட்டுக்குள் கைவிடக் குரங்குகளுக்குப் பயம். பிள்ளைகள் வாயருகே வந்து ஓவென்று கத்திப் பார்ப்பார்கள். முன்பு கணீரென்று திரும்பிய குரல், பை வந்த பிறகு போர்வைக்குள்ளிருந்து வருவது போல அமுங்கித் திரும்பியது. அதைக் கண்டுபிடித்தவர் போட்டோக்காரர் மட்டும்தான்.

"ராஜா குண்டு வெச்ச எடத்துல நீ சோத்து டப்பா வெச்சிருக்கியேக்கா."

"குண்டு மாதிரி இது யாருக்கும் கெடுதல் பண்ணாது. பேசாம போய் உன் வேலையைப் பாரு."

செய்யக் கூடாத காரியம் என்று அக்காவுக்குத் தெரியும். அடுத்தவர் கை வைத்தாலே விரட்டுகிற பொருளுக்குள் தன் பையை வைப்பது முதலில் கொஞ்ச நாள் உறுத்தியது. மனசாட்சிக்கும் கால் வலிக்கும் போலிருக்கிறது. போகப் போக அதுவும் உட்கார்ந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கீழ்வாசல். மலையடிவாரத்தில் டிக்கெட் கிழிக்கிற இடம். அங்கே முதுகு சாய ஒரு நாற்காலி இருக்கிறது, தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது, பத்தடி தள்ளிக் கழிப்பறை இருக்கிறது. மேலே அது கிடையாது. அதனால் அக்கா பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நாக்கை மட்டும் நனைத்துக்கொள்வார். மலை ஏறி வருகிறவர்கள் பீரங்கியின் எடையைக் கேட்பதற்கு முன் கழிப்பறை எங்கே என்றுதான் கேட்பார்கள். கீழே என்பார் அக்கா. அப்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க அவருக்கே பாவமாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், கீழ்வாசலில் வேலை சீக்கிரமே முடிந்துவிடும். கணவர் கிளம்புவதற்குள் வீடு போய்ச் சேரலாம். ஒரு வேளைச் சாப்பாட்டையாவது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம்.

கீழ்வாசலில் இருந்த பெரியவர் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுவதாக இருந்தது. அந்த இடத்தை அக்காவுக்கே தருவதாக இப்போதைய சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. தலைமை அலுவலகத்திலிருந்து மேடம் பார்வையிட வருகிறார். அது நல்லபடியாக முடிய வேண்டும். மலை உச்சியைப் பற்றி ஒரு புகார்கூட எழக் கூடாது. "அவங்க காரு திரும்பிட்டா மறுநாளே நாற்காலி உங்களுக்குத்தான்" என்றார்.

மேடம் வருவதற்கும் பீரங்கிதான் காரணம். அக்கா விடுப்பில் இருந்த ஒரு நாள், யாரோ அதன் வாயில் காலி பாட்டில்களை அடைத்து, படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் வாய்க்கு ஓர் இரும்பு மூடி செய்தாயிற்று. மேடம் வந்த பிறகு அவர் முன்னிலையில் அதைப் பொருத்துவதாக ஏற்பாடு. அக்காவுக்கு இதில் வருத்தமில்லை. கீழ்வாசலுக்குப் போகிறவருக்கு மேலே அலமாரி எதற்கு?

அன்று காலை அக்கா ஏறும்போது, இதுதான் கடைசி ஏற்றம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். ஊழியர்கள் கையில் செல்போன் இருக்கவே கூடாது என்று உத்தரவு. அதையும் பையில் போட்டு, கொக்கிக் கம்பால் உள்ளே தள்ளினார். மேடம் கீழ்வாசலுக்கு வந்த தகவல் கிடைத்ததும் பையை இழுத்துப் போட்டோக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்பது அவர் திட்டம். நல்ல திட்டம்தான்.

கொஞ்ச நேரத்தில் கீழே இருந்து ஆள் வந்தது. எல்லாருக்கும் புதுக் கோட்டு வந்திருக்கிறது, அளவு பார்த்துப் போட்டுக்கொண்டு போக வேண்டும், உடனே வரச் சொன்னார் சூப்பர்வைசர். ஒரு கோட்டுக்காக ஒரு மலை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். அங்கே மிச்சமிருந்த கோட்டு வேறு யாருக்கோ தைத்தது. கை விரல்கள் வெளியே தெரியவில்லை. மடித்துவிட்டுக்கொண்டு மறுபடி ஏறினார்.

அதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. மூடி மேடம் கண்ணெதிரில் பொருந்தாமல் போனால் மானம் போய்விடுமே என்று சூப்பர்வைசருக்குக் கடைசி நேரத்தில் பயம் வந்திருக்கிறது. முன்கூட்டியே பொருத்திவிடு என்று ஃபிட்டரைப் பின்பக்கக் குறுக்குப் பாதை வழியாக மேலே அனுப்பிவிட்டார். அக்கா மூச்சிரைக்க உச்சிக்கு வந்தபோது ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பீரங்கியின் வாயில் கறுப்பு வர்ணம் பூசிய வட்டத் தகடு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

அக்கா மூடியருகே போனார். குரலை இயல்பாக வைத்துக்கொண்டு, "உள்ள பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஏதோ பழந்துணி மூட்டை கெடந்துச்சு. எந்தக் காலத்துக் குப்பையோ. கெடந்துட்டுப் போகட்டும்னு பூட்டிட்டேன். இனிமே யாரும் போட முடியாதுல்ல?"

"கழட்டினா எடுத்துரலாமே."

"இது கழட்டுற போல்ட் இல்லக்கா. இறுக்கி முடிச்சதும் தலை ஒடிஞ்சு விழுந்துரும். வெட்டித்தான் எடுக்கணும். அதுக்கு மேலேர்ந்து உத்தரவு வரணும்." அவர் தன் வேலையில் திருப்தியோடு மூடியை ஒரு தட்டு தட்டினார்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். இப்போதே போய் சூப்பர்வைசரிடம் சொல்லலாம். சொன்னால் நாற்காலி போய்விடும். சொல்லாவிட்டால் பை போய்விடும். பைதானே, போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஒரே ஒரு கவலை, மதியம். கணவர் எழுந்ததும் கூப்பிடுவார். வேறு யாரிடமாவது போன் வாங்கி, கூப்பிடாதீங்க என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் அவர் எண் அக்காவுக்கு மனப்பாடம் இல்லை. அந்த எண் பைக்குள் இருக்கிற போனுக்கு மட்டும்தான் தெரியும்.

மேடம் காலையில் வருகிறார், மதியத்துக்குள் போய்விடுவார், பயமில்லை என்று நினைத்துக்கொண்டார். பெரிய மனிதர்களின் காலை எப்போது விடியும் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் மேடம் வந்தார். முகம் சிவந்து, பேச்சு வராமல், நேராக அக்காவின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கூடவே சூப்பர்வைசர், இரண்டு அதிகாரிகள், இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு பாதுகாவலர். நிகழ்ச்சியைப் படம் எடுக்கப் போட்டோக்காரரைத்தான் பிடித்திருந்தார்கள். அவர் மூடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பை எங்கே என்று புருவத்தால் கேட்டார். அக்கா மூடியைப் பார்த்துக் கண்ணைத் தாழ்த்தினார். போட்டோக்காரர் கேமராவை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சூப்பர்வைசர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தார். எத்தனை வருஷத்துப் பீரங்கி, எத்தனை மாடுகள் இழுத்து மேலே வந்தது, எதிரிப் படை இதன் பேரைக் கேட்டே திரும்பிப் போனது என்று தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்துச் சொன்னார். மேடம் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே கேட்டார். மேடத்தின் கண் அடிக்கடி அங்குமிங்கும் எதையோ தேடியது. அக்காவுக்கு வார்த்தை எதுவும் காதில் ஏறவில்லை. கூரையின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிழல் தூணின் காலடிக்குச் சுருங்கினால் கணவர் எழுகிற நேரம்.

நிழல் சுருங்கியிருந்தது.

அப்போது பீரங்கி சிரித்தது.

வாய் மூடியிருந்ததால் சத்தம் முழுவதும் பின்னால் போய்க் காது வழியாக வந்தது. அத்தனை நீள இரும்புக் குழாய்க்குள் உருண்டு புரண்டு வந்ததில், அது குழந்தையின் சிரிப்பாக இல்லை. ஒரு பூதத்துக்குக் குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை சிரிப்பது போல இருந்தது. சூப்பர்வைசர் வாயைத் திறந்தபடியே நின்றார். சிரிப்பு ஓய்ந்தது. மறுபடியும் சிரித்தது.

பாதுகாவலர் பாய்ந்து வந்து மேடத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். எல்லாரும் சுவர் ஓரமாகப் பின்வாங்கினார்கள். தூரத்தில் நின்ற பார்வையாளர்களை இறங்கச் சொல்லி யாரோ விரட்டினார்கள். குண்டு என்று ஒரு குரல் மெதுவாகச் சொன்னது. அவ்வளவுதான், அந்தச் சொல் மலை இறங்கி ஊர் வரைக்கும் போய்விட்டது.

போட்டோக்காரர் நகர்ந்து நகர்ந்து அக்காவின் பக்கத்தில் வந்தார். "பேசாம இருந்துடுக்கா. சார்ஜ் தீந்தா தானா அடங்கிரும். யாருக்கும் தெரியாது. நாற்காலியை நெனச்சுக்கோ" என்று உதடு அசையாமல் சொன்னார்.

அக்காவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்வானேன், நிஜமாகவே நினைத்தார். நாற்காலி, மின்விசிறி, எதிரெதிரே இரண்டு தட்டு.

ஆனால் பாதுகாவலர் அதற்குள் ஃபிட்டரின் கையை முதுகுப் பக்கம் முறுக்கிப் பிடித்துவிட்டார். கடைசியாக மூடியவர் அவர்தானே. உள்ளே என்ன வைத்தாய் என்று அதட்டினார்.

"துணி மூட்டைதாங்க கெடந்துச்சு. குப்பைன்னு நெனச்சு..."

"குப்பை சிரிக்குமா?"

ஃபிட்டர் முறுக்கிய கையை விடுவிக்கப் பார்த்தார். சற்று முன் மூடியைத் திருப்தியோடு தட்டிக் கொடுத்த கை அது. இப்போது விரல்கள் வெளுத்திருந்தன. அவர் ஒரு கணம் அக்காவைப் பார்த்தார். உள்ளே பார்த்தீங்களா என்று இந்த அம்மா கேட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ. வந்தாலும் சொல்லவில்லை.

பீரங்கி மூன்றாம் முறை சிரிக்க ஆரம்பித்தது. அக்கா புதுக் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தார்.

"அவரை விட்டுருங்க. அது என் வீட்டுக்காரருங்க."

மேடம் பாதுகாவலரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் உள்ளயா இருக்கார்?"

"இல்லைங்க. வீட்ல இருக்கார். தூங்கி எழுந்துட்டார். எதையோ காணோம் போல. நான் எடுக்கிற வரைக்கும் அடிப்பார்."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குரங்கு, குடை, கொக்கிக் கம்பு, பை. அக்காவின் எண்ணுக்குப் போட்டோக்காரர் தன் போனிலிருந்து அடித்துக் காட்டினார்; பீரங்கி கீழ்ப்படிந்து சிரித்தது. ஃபிட்டரின் கையை விட்டார்கள். அவர் தோளைத் தேய்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சூப்பர்வைசர் அக்காவைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் போயும் போயும் பீரங்கிக்குள் என்று மேடம் கேட்டார். வைக்க வேறு இடம் இல்லைங்க என்றார் அக்கா. மேடம் போய்க் கூரை விழுந்த அறையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். என்ன சொல்லப் போகிறாரோ என்று எல்லாரும் காத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் அக்காவின் அருகில் குனிந்து, மெதுவான குரலில் கேட்டார்.

"இங்க கழிப்பறை எங்கம்மா இருக்கு?"

"கீழேங்க."

மேடம் மூடியைத் திறந்து வைக்கிற நிகழ்ச்சியை அத்தோடு முடித்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார்.

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்தபோது கணவர் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, மறு செருப்போடு காத்திருந்தார். இத்தனை தடவை அடித்தும் ஏன் எடுக்கவில்லை என்று எரிந்து விழுந்தார்.

"பீரங்கிக்குள்ள இருந்துச்சுங்க."

"எது?"

"போன்."

அவர் மறு செருப்பைக் கீழே போட்டார். "கத்தரிக்கோலைக் காணோம். அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாத்திரை அட்டையை வெட்ட எடுத்துப் போயிருந்தார். "அதுவும் பீரங்கிக்குள்ளதான் இருக்கு" என்றார். நாற்காலி கிடைக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். கணவர் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று ஐஸ் கம்பெனிக்கு அவர் தாமதமாகத்தான் போனார்.

பிறகு உத்தரவு வந்தது. அறையின் கூரையைச் சரிசெய்து, பூட்டு வைத்த இரும்பு அலமாரி ஒன்றை மேலே ஏற்றினார்கள். அக்கா நன்றியோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். அவர் கெட்டவர் இல்லை. "அலமாரி உங்க பேர்ல வந்திருக்கு. சாவிக்கு நீங்கதான் பொறுப்புன்னு எழுதியிருக்காங்க. நீங்க கீழே வந்துட்டா இதுக்கு யார் பதில் சொல்றது?" என்றார். கீழ்வாசல் நாற்காலியில் இப்போது வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கழிப்பறை பற்றி உத்தரவில் ஒரு வரியும் இல்லை.

பை இன்னும் பீரங்கிக்குள்ளேதான் இருக்கிறது. மூடியை வெட்ட வேறொரு குழு கூடி முடிவெடுக்க வேண்டுமாம். குழு இன்னும் கூடவில்லை. உள்ளே இருந்த சாப்பாடு கொஞ்ச நாள் நாறியது. அது அந்தக் காலத்து வெடிமருந்து வாடை என்று போட்டோக்காரர் வந்தவர்களுக்குச் சொல்லிச் சமாளித்தார். போன் அன்றைய மாலைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

ஆனால் பேச்சு அடங்கவில்லை. அன்று மலை மேல் இருந்த பார்வையாளர்கள் சிரிப்பை மட்டும் கேட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அக்கா சொன்னதைக் கேட்க யாரும் நிற்கவில்லை. உள்ளே ஒரு குழந்தையின் ஆவி இருப்பதாகக் கதை கட்டிவிட்டார்கள். இப்போது எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். மூடியடியில் பொம்மைகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். பொழுது சாய்ந்ததும் அதையெல்லாம் அக்காதான் குனிந்து பொறுக்க வேண்டியிருக்கிறது. அதைவிட மோசம் காது. சிரிப்பைக் கேட்க வேண்டுமானால் காதோடு காது வைக்க வேண்டும். காது பீரங்கியின் முதுகில் இருக்கிறது. அதனால் வருகிற எல்லாரும் ஏறுகிறார்கள். முன்பு ஆசைப்பட்டவர்கள்தான் ஏறினார்கள். இப்போது பயப்படுகிறவர்களும் ஏறுகிறார்கள். அக்கா கையூன்றி எழுகிறார். இறங்குங்க என்கிறார். உட்காரப் போகிறார். மறுபடி எழுகிறார்.

இதைப் படிக்கிற உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த மலைக்குப் போகப்போகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பீரங்கிக்குள் ஆவி இல்லை. ஒரு குடை, ஒரு முழங்கால் பட்டை, ஒரு கத்தரிக்கோல், உயிர் போன ஒரு செல்போன், அவ்வளவுதான் இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் ஏறாமல் இருந்தாலும், அக்கா ஒரு தடவை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்.